சில்லு முறையிடும்போது

வானொலி நேயர்களுக்கு ஒலியைக் கொண்டு பொருளை அறிவது புதிதன்று. பேசுபவரின் முகத்தைக் காணாமலே, அவர் முதியவரோ இளையவரோ, களித்திருக்கிறாரோ களைத்திருக்கிறாரோ என்பதைக் குரல் ஒன்றைக் கொண்டே அவர்கள் கூறிவிடுவர். அத்தகைய செவியுடையார் முன் மோட்டார் வண்டியின் ஓர் உறுப்பைப்பற்றி எடுத்துரைப்பது பொருத்தமே. அவ்வுறுப்பு சில்லின் நடுவே, இரும்புக் குடத்தினுள், கிறீசில் மூழ்கிக் கிடப்பது. அதனைக் கண்டவர் சிலரே. நலமாய் இருக்கும்வரை அது வாய் திறப்பதில்லை. நலங்கெட்ட காலத்தில் மட்டும் ஒலியால் முறையிடும். அம்முறையீட்டைக் கேட்டு உணர்ந்தவர் சிறு செலவோடு தப்புவர். கேளாது விட்டவர், ஓடுகின்ற வண்டியை விட்டுச் சில்லு தனியே உருண்டு செல்வதைக் காணவும் நேரும்.

கராஜுகளில் அதற்கு வழங்கும் பெயர் பேரிங். பாடநூல்கள் அதனைப் போதிகை என்று கூறும். கோயில் மண்டபத்திலே தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்கும் போதிகை என்றே பெயர். இரண்டின் தொழிலும் தாங்குதலே. ஆயின் கோயிற் போதிகை அசையாத பாரத்தை அசையாது நின்று தாங்குகிறது. வண்டியின் போதிகையோ, சுழலும் சில்லுக்கும் சுழலாத அச்சுக்கும் இடையே நின்று, பாரத்தைத் தாங்குவதோடு சுழற்சிக்கும் வழிவிடுகிறது. தாங்குதல், வழிவிடுதல் என்னும் இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்வதிலேதான் அதன் அருமை உள்ளது. இவற்றுள் ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் பேணுபவர், நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்துவிடுவர். அஃது எவ்வாறு என்பது பின்னர் விளங்கும்.

மாட்டுவண்டிலில் இத்தகைய உறுப்பு இருக்கவில்லை. சில்லின் குடம் இரும்பு அச்சின்மேல் நேரே அமர்ந்து உராய்ந்தது. அவ்வுராய்வைக் குறைப்பதற்கு வண்டிற்காரர் மசகு இட்டனர். மெல்ல நடக்கும் மாட்டுக்கு அதுவே போதும். விரைந்து ஓடும் வண்டிக்கு அது போதாது. ஒரு பொருள் மற்றொன்றின்மேல் தேய்ந்து செல்வதைவிட உருண்டு செல்வது மிக எளிது என்பதைப் பாரமான மரக்குற்றியை உருளைகள்மேல் வைத்துத் தள்ளிய எவரும் அறிவர். இவ்வுண்மையை வண்டி அச்சுக்குப் பயன்படுத்தி, 1794ஆம் ஆண்டிலே, வேல்ஸ் நாட்டின் கார்மாதன் நகரத்து இரும்பு வார்ப்பாளரான பிலிப் வோன் என்பவர் காப்புரிமை பெற்றார். அச்சுக்கும் குடத்துக்கும் இடையே இரும்புக் குண்டுகளை இட்டு அவற்றின்மேல் சில்லை உருளவிட்டதே அவர் செய்த புதுமை. பின்னர், அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலே குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி ரிம்கென் என்பவர், தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து, ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும் உருளைகளைக் கொண்ட பேரிங்குக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். இன்றுவரை பல வண்டிகளின் சில்லுகள் அவ்வமைப்பின் மேலேயே சுழல்கின்றன.

உருளையை ஏன் ஒரு பக்கம் சிறுக்கச் செய்தல் வேண்டும் என்று நேயர்கள் வினவலாம். சில்லின்மேல் வரும் பாரம் மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் வருவதன்று. வண்டி வளைவில் திரும்பும்போது சில்லைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் தோன்றும். நேரான உருளை மேலிருந்து வரும் பாரத்தை நன்கு தாங்கும். பக்கத் தள்ளலுக்கு ஈடுகொடாது. சாய்வான உருளையோ இரண்டையும் தாங்கும். இதனாலே முன்சில்லொன்றின் குடத்தினுள், உள்ளே பெரியதொன்றும் வெளியே சிறியதொன்றுமாக, இரண்டு பேரிங்குகளை ஒன்றையொன்று நோக்கி அமைத்து, அச்சின் முனையில் ஒரு நட்டினால் நிறுத்திவைப்பர். அந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதே இவ்வமைப்பின் உயிர்நிலை.

அவ்வுறுப்பின் உழைப்பையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. 58 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு ஒரு கிலோமீற்றர் செல்வதற்கு ஏறத்தாழ 550 முறை சுழலவேண்டும். ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் ஐந்தரை இலட்சம் சுற்று. அத்தனை சுற்றிலும் வண்டியின் பாரம் உருளைகள்மேல் ஏறி இறங்குகிறது. பாரம் இருமடங்கானால் பேரிங்கின் ஆயுள் பாதியாகும் என்று பலர் கருதுவர். உண்மை அதனினும் கடியது. உருளைப் பேரிங்கின்மேல் வரும் பாரம் இருமடங்கானால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது பொறியியலாளர் கணிப்பு. ஐவர் ஏறும் வண்டியில் ஒன்பதின்மரையும் மூட்டைகளையும் ஏற்றுபவர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, நோய் எவ்வாறு தோன்றி வளர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கிளிநொச்சியிலே வாடகைக் கார் ஓட்டும் சாரதி ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்துக. அவருடைய வண்டி, பின்சில்லுகளால் இயங்கும் பழைய கொரொல்லா. 1979இல் வெளிவந்த நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. மாதத்தில் இருமுறை, அயலில் உள்ள ஆச்சி ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவது அவர் வழக்கம்.

ஒருநாள், ஆனையிறவைக் கடந்து செல்கையில், வண்டியின் முன்புறத்திலிருந்து ஓர் இரைச்சல் எழுகிறது. வண்டு முரல்வது போன்ற மெல்லிய ஒலி. வேகம் கூடினால் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. சாரதி முதலில் எஞ்சினை ஐயுறுகிறார். வீதி வெறுமையாய் இருக்கும் இடம் பார்த்துக் கியரை நியூட்றலில் இட்டு வண்டியைத் தானே உருளவிடுகிறார். எஞ்சின் தணிந்தும் இரைச்சல் தணியவில்லை. எனவே குற்றம் எஞ்சினில் இல்லை, உருளும் உறுப்புகளில் உள்ளது என்பது தெளிவாகிறது.

உருளும் உறுப்புகளுள் டயரும் ஒன்று. ஒழுங்கின்றித் தேய்ந்த டயரும் இதே போன்று இரையும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு எளிய வழிகள் உள. டயரின் ஒலி வீதியின் தன்மைக்கேற்ப மாறும். வழுவழுப்பான தார் வீதியில் ஒரு குரல், கரடான வீதியில் வேறொரு குரல். பேரிங்கின் ஒலி வீதி மாறினும் பெரும்பாலும் மாறாது. இன்னும் ஐயம் எஞ்சுமாயின், முன்சில்லுகளைப் பின்னும் பின்சில்லுகளை முன்னும் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஒலி இடம் மாறினால் குற்றம் டயருடையது. இருந்த இடத்திலேயே நின்றால் பேரிங்குடையது.

எப்பக்கத்துப் பேரிங் என்பதையும் செவியே கூறும். வண்டி இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்புறச் சில்லுகளின்மேல் சாயும். வலப்புறம் திரும்பும்போது இடப்புறச் சில்லுகளின்மேல் சாயும். ஆள்நடமாட்டமும் போக்குவரத்தும் இல்லாத வீதியில், மிதமான வேகத்தில், மெல்ல இருபுறமும் வளைத்து ஓட்டும்போது, இடப்புறம் திரும்புகையில் இரைச்சல் ஏறினால் வலப்புறத்துப் பேரிங்கின்மீது ஐயங்கொள்ளலாம். இஃது ஐயமே; முடிவன்று. வண்டியின் உடல் ஒலியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்திச் செவியை ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே, கையால் தொட்டு ஆராய்ந்த பின்னரே முடிவு கூறல் வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுச் சாரதி அவ்வாறு ஆராயவில்லை. அவருக்கு நேரமும் இல்லை, கையில் பணமும் இல்லை. வீதியோரத்தில் ஒருவர் சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, "லூஸ்தான்" என்று கூறி, அச்சுமுனை நட்டைப் பலங்கொண்டு இறுக்கிவிடுகிறார். ஆட்டம் நின்றுவிடுகிறது. இரைச்சலும் சற்று அடங்கியதுபோலத் தோன்றுகிறது. சாரதியும் மனநிறைவோடு செல்கிறார். ஆனால் நோய் நீங்கவில்லை. நோயின் குரல்தான் அடக்கப்பட்டது. தேய்ந்து புண்பட்ட உருளைகள், முன்பு சிறிது இடமாவது பெற்று உருண்டவை, இப்போது நெருக்குண்டு உருள்கின்றன. நெருக்கத்தால் வெப்பம் பிறக்கிறது. வெப்பத்தால் கிறீஸ் உருகி ஒழுகுகிறது. கிறீஸ் ஒழுகியதும் இரும்பு இரும்பை நேரே தின்னத் தொடங்குகிறது.

அடுத்த பயணத்தில் ஆச்சி பின்னிருக்கையில் இருக்கிறார். கொடிகாமத்தைத் தாண்டியதும் இரைச்சல் உறுமலாகிறது. பிறேக்கை மிதித்தால் மிதிபலகை வழக்கத்தைவிடத் தாழ்ந்து செல்கிறது. இதற்கும் காரணம் உண்டு. பேரிங் தேய்ந்து குடம் ஆடும்போது பிறேக்குத் தட்டும் உடன் ஆடும். அவ்வாட்டம் பிறேக்குக் கட்டைகளைப் பின்னே தள்ளிவிடும். ஆகவே முதல் மிதியில் பிறேக் உடனே பிடிப்பதில்லை. இந்நிலையில் மேலும் ஓடினால், உருளைகளை ஒழுங்காக நிறுத்தும் கூடு உடையும், உருளைகள் சிதறும், உள்வளையம் அச்சுமுனையோடு ஒட்டி அதனை அறுக்கும், இறுதியில் அச்சுமுனை முறிந்து சில்லு குடத்தோடு கழன்று போகும். அவ்வேளை வண்டியில் இருப்பவர் கதி என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சாரதி சாவகச்சேரியில் ஒரு கராஜின் முன் வண்டியை நிறுத்துகிறார். அங்குள்ள மெக்கானிக் முதியவர். 1990களிலே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் முதலான பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நேயர்கள் பலர் அறிவர். அக்காலத்தில் தொழில் பயின்றவர் அவர். உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுவது அவருக்குக் கைவந்த கலை. ஆயினும் எதை ஒப்பேற்றலாம், எதை ஒப்பேற்றலாகாது என்பதையும் அக்காலமே அவருக்குக் கற்பித்திருந்தது.

முதியவர் இரு முன்சில்லுகளின் நடுவிடத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று பார்க்கிறார். இடப்புறம் இளஞ்சூடு. வலப்புறம் அனல். பிறேக் விடுபடாமல் பற்றிக்கொண்டிருந்தாலும் சில்லு இவ்வாறு சுடும். ஆகவே அவர் சூட்டை மட்டும் நம்பவில்லை. சூடு ஆறியபின் பின்சில்லுகளுக்குக் கட்டை அணைகொடுத்து, முன்புறத்தை ஜக்கினால் உயர்த்தி, உடனே உறுதியான தாங்குகால் ஒன்றைக் கீழே நிறுத்துகிறார். ஜக் ஒன்றையே நம்பி வண்டியின் கீழே கைவைத்தலும் தலைவைத்தலும் உயிருக்கு ஆபத்தாகும்.

பின்னர்ச் சில்லின் உச்சியையும் அடியையும் இரு கைகளாலும் பற்றி, உள்ளும் புறமுமாக ஆட்டுகிறார். முன்பு பலங்கொண்டு இறுக்கப்பட்ட நட்டு இருந்தபடியே இருக்க, உருளைகள் தேய்ந்துபோனபடியால் ஆட்டம் மீண்டும் தோன்றியிருக்கிறது. இவ்வாட்டம் பேரிங்கினால் வருவதா, சில்லைத் தாங்கும் மூட்டுகளினால் வருவதா? சாரதியைப் பிறேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுகிறார். ஆட்டம் நின்றுவிடுகிறது. பிறேக் பிடித்தபோது குடம் அசையாது கட்டுண்டது; அதனாலே ஆட்டம் மறைந்தது. ஆதலால் குற்றம் பேரிங்கினதே. மூட்டுகளின் குற்றமாயின் பிறேக்கை மிதித்தாலும் ஆட்டம் நீங்காது. இறுதியாக, ஒரு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சில்லைச் சுழற்றுகிறார். நல்ல பேரிங் பட்டுப்போல் உருளும். இதுவோ மணலை அரைப்பதுபோலச் சுருள்வில்லின் வழியே விரல்களில் அதிர்கிறது.

"அண்ணை, இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டால் யாழ்ப்பாணம் மட்டும் போய்ச் சேரலாந்தானே?" என்று சாரதி கேட்கிறார்.

"தம்பி, இறுக்கினபடியால்தான் இது இப்படிச் சுடுகுது. நோவு பிடித்த முழங்காலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் நடக்க ஏலுமோ? ஆச்சியை முதலில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. வண்டி இங்கே நிற்கட்டும்," என்கிறார் முதியவர்.

இவ்விடையிலே இப்பேச்சின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. தேய்ந்துபோன பேரிங்கை இறுக்கத்தால் குணப்படுத்தல் இயலாது. தேய்வு என்பது உலோகம் இழந்த இழப்பு. இழந்த உலோகத்தை நட்டு திருப்பித் தராது.

இனி மாற்றும் முறையைக் காணலாம். வண்டி நிலத்தில் நிற்கும்போதே சில்லு நட்டுகளைச் சிறிது தளர்த்திக்கொண்டு, பின்னர் உயர்த்திச் சில்லைக் கழற்றுதல் வேண்டும். பிறேக்கின் கலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுக. அதனைப் பிறேக் எண்ணெய் செல்லும் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளே கிழியும். அக்கிழிவு வெளியே தெரியாது. அச்சுமுனையை மூடிய கிறீஸ் மூடியை நெம்பி எடுத்தால், பள்ளங்கள் கொண்ட பூட்டும், அதனூடு செல்லும் பிளவுபட்ட கொட்டர் பின்னும் தெரியும். பின்னை நிமிர்த்தி இழுத்தெடுத்து நட்டைக் கழற்றினால், குடம் வெளியே வரும். வெளிப்பேரிங்கும் உடன் வரும். அது நிலத்தில் விழாதபடி கைகொடுத்தல் வேண்டும். குடத்தின் பின்புறத்திலுள்ள ஒயில் சீலை நெம்பி நீக்கினால் உள்பேரிங்கும் கைக்கு வரும்.

அனைத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் கண்ணால் ஆராய்தல் வேண்டும். உருளைகளிலும் அவை ஓடும் வளையங்களிலும் சிறு குழிகள் தெரிந்தால் அது களைத்துச் சிதைந்த உலோகம். செந்நிறக் கறை தெரிந்தால் நீர் புகுந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் வெப்பம் உருக்கின் வன்மையைக் கெடுத்துவிட்டது. இவற்றுள் எது காணப்படினும் அது மீண்டும் பூட்டத்தக்கதன்று. அச்சுமுனையையும் தடவிப் பார்க்க வேண்டும். அதில் ஆழ்ந்த வடுவோ நீலமோ இருப்பின், புதிய பேரிங் இட்டும் பயனில்லை. அச்சுமுனையையும் மாற்றுதல் வேண்டும். கழுவிய பேரிங்கைக் காற்றுக்குழாயால் ஊதிச் சுழற்றுவது சிலருக்கு விளையாட்டு. கிறீஸ் இன்றி மிக விரைவாய்ச் சுழலும் உருளைகள் தெறித்துக் கண்ணைக் கெடுக்கலாம்.

பேரிங் வாங்கும்போது உருளைகள் அடங்கிய உட்பகுதி ஒன்று, குடத்தினுள் அமரும் வெளிவளையம் ஒன்று என இரண்டு பகுதிகள் வரும். செலவைக் குறைக்க எண்ணிப் புதிய உருளைகளைப் பழைய வளையத்தில் ஓடவிடுவது பெருந்தவறு. பழைய வளையத்தின் வடு புதிய உருளைகளையும் விரைவில் புண்படுத்தும். இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.

பழைய வளையத்தைக் குடத்திலிருந்து வெளியேற்றுவதற்கு, குடத்தின் உட்புறத்தில் உள்ள பள்ளங்களில் பித்தளைக் கோலை ஊன்றி, ஒருமுறை இப்புறமும் மறுமுறை எதிர்ப்புறமுமாக மாறி மாறித் தட்டுதல் வேண்டும். பேரிங் உருக்கு மிக வன்மையானது. வன்மை மிகுந்தபடியால் நொறுங்கும் இயல்பும் உடையது. சுத்தியலால் நேரே அடித்தால் சில்லுச் சில்லாய்த் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. புதிய வளையத்தை உட்செலுத்தும்போதும் இதே பொறுமை வேண்டும். சாயாமல் நேராக இறங்க வேண்டும். இங்கும் செவி உதவும். வளையம் இறங்கும்வரை தட்டும் ஒலி ஒருவிதமாக இருக்கும்; அடிவரை சென்று அமர்ந்ததும் ஒலி சட்டென்று கனத்து மாறும். அம்மாற்றத்தைக் கேட்டபின் மேலும் அடிக்கலாகாது.

அடுத்து கிறீஸ். சில்லுப் பேரிங்குக்கென்று செய்யப்பட்ட, வெப்பந் தாங்கும் கிறீசையே இடுதல் வேண்டும். பழைய கிறீசின்மேல் வேறு வகைக் கிறீசைக் கலப்பது நன்றன்று. இரண்டும் சேர்ந்து இளகிப்போவதுண்டு. பேரிங்கின் மேற்புறத்தில் கிறீசைப் பூசிவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. இடக்கை உள்ளங்கையில் ஓர் உருண்டை கிறீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தால், கிறீஸ் உருளைகளுக்கு இடையே புகுந்து மறுபுறம் வெளிவரும். சுற்றிலும் அவ்வாறு வெளிவரும்வரை செய்தல் வேண்டும். குடத்தின் உள்ளிடத்தில் சிறிதளவு இட்டால் போதும். முழுவதும் அடைத்து நிரப்பினால் வெப்பம் மிகுந்து கிறீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு பிறேக்கின்மேல் வழியும். பழைய சீல் நன்றாகத் தோன்றினும் புதியதே வேண்டும். அதன் உதட்டில் சிறிது கிறீஸ் தடவிப் பூட்டுக. மாரிகாலத்தில் வீதியில் தேங்கும் வெள்ளம் குடத்தினுள் புகாமல் காப்பது அந்த மெல்லிய உதடே.

இப்போது உயிர்நிலைக்கு வந்தாயிற்று. குடத்தை அச்சுமுனையில் ஏற்றி, வெளிப்பேரிங்கையும் அதன் வட்டத் தகட்டையும் நட்டையும் இட்டு, குடத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை மிதமாக இறுக்குதல் வேண்டும். உருளைகள் தத்தம் இடத்தில் அமர்வதற்கே இவ்விறுக்கம். அவை அமர்ந்தபின் நட்டை மீண்டும் தளர்த்துக. பின்னர், பல வண்டிகளுக்கு, விரலால் இயன்ற அளவே இறுக்கி நிறுத்துவர். இவ்வாறு நிறுத்தும்போது எஞ்சும் ஆட்டம் 0.025 மில்லிமீற்றர் முதல் 0.125 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். ஒரு தலைமயிரின் பருமன் அளவான அந்த இடமே, வெப்பத்தால் உலோகம் விரியும்போது பேரிங் மூச்சுவிடும் இடம். சில உற்பத்தியாளர் ஆட்டமே இல்லாத, மிக மெல்லிய இறுக்கத்தைக் கேட்பர். அதனை விற்றராசு கொண்டு, சில்லைச் சுழற்ற வேண்டிய விசையால் அளப்பர். ஆகவே அந்தந்த வண்டிக்குரிய கைநூலில் என்ன கூறியிருக்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். எம்முறையாயினும், நீண்ட பிடியுள்ள ஸ்பானரில் உடல் பாரத்தை ஏற்றி இறுக்குவதற்கு இங்கு இடமில்லை.

நட்டின் பள்ளமும் அச்சிலுள்ள துளையும் நேராகாவிடின், இறுக்கி நேராக்குவதைவிடச் சிறிது தளர்த்தி நேராக்குவதே பொதுவான விதி. கொட்டர் பின் புதியதாய் இருத்தல் வேண்டும். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின் மறுமுறை வளைக்கையில் முறிந்துவிடக்கூடும். மிக மலிவான அப்பொருளே சில்லு கழலாமல் காக்கும் இறுதிக் காவலாளி. பின் இடாமல் வண்டியை நிலத்தில் இறக்குதல் எக்காரணங்கொண்டும் கூடாது. மூடி, கலிப்பர், சில்லு ஆகியவற்றைப் பூட்டி, சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்கியபின், வண்டியை எடுப்பதற்கு முன் பிறேக்கைப் பலமுறை மிதித்து அது பிடிக்கிறதா என்று உறுதிசெய்க. சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி, இருபுறத்துச் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேலை செம்மையாய் முடிந்ததா என்பது தெரியும்.

புதிய வண்டிகளைப்பற்றியும் ஒரு சொல். முன்சில்லுகளால் இயங்கும் சிறு கார்கள் பலவற்றில் பேரிங் முன்னரே கிறீஸ் இட்டு மூடப்பட்டது. அதில் சரிசெய்வதற்கு எதுவும் இல்லை. சிலவற்றில் அது குடத்தோடு ஒன்றாக வந்து போல்ட்டுகளால் பூட்டப்படும். சிலவற்றில் அழுத்தப் பொறியால் உட்செலுத்தப்பட வேண்டும். அவ்வாறு செலுத்தும்போது எந்த வளையம் இறுக்கமாக அமர்கிறதோ அந்த வளையத்தின்மேலேயே அழுத்துதல் வேண்டும். மற்றதை அழுத்தினால் விசை குண்டுகளின் ஊடாகச் சென்று, புதிய பேரிங்கைப் பூட்டும்போதே புண்படுத்திவிடும். பூட்டி வழுக்கலைத் தடுக்கும் பிறேக் அமைப்புள்ள சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அப்பக்கம் உணரியை நோக்கி இருத்தல் வேண்டும். இவ்வண்டிகளின் அச்சு நட்டுக்கு மட்டும் கடும் இறுக்கம் வேண்டும். அதுவும் கைநூல் குறித்த அளவில், ரோர்க் ஸ்பானரால் அளந்து இறுக்கப்பட வேண்டும். பழைய வண்டியின் விதியைப் புதியதற்கும், புதியதன் விதியைப் பழையதற்கும் பொருத்துவது இரண்டையும் கெடுக்கும்.

எடுத்துக்காட்டிற்கு மீளலாம். மாலையில் ஆச்சி வைத்தியசாலையிலிருந்து பஸ்ஸிலே சாவகச்சேரிக்குத் திரும்புகிறார். வண்டி அவருக்காகக் காத்து நிற்கிறது. சாரதி ஆனையிறவுப் பாதையில் கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் செவிசாய்க்கிறார். காற்றின் ஒலியும் டயரின் ஒலியும் அன்றி வேறொன்றும் இல்லை. அன்று அவர் இழந்தது ஒருநாட் கூலியும் பேரிங்கின் விலையும். இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு சென்றிருப்பாராயின் இழந்திருக்கக்கூடியதற்கு விலை கூறுவார் இல்லை.

வண்டி வைத்திருப்போர் மூன்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். கைநூல் குறித்த தவணையில் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதிய கிறீஸ் இடுக. வெள்ளத்தில் சில்லின் நடுவிடம் மூழ்கும்படி வண்டி சென்றிருந்தால், தவணை வரும்வரை காத்திராது உடனே திறந்து பார்க்க. வழக்கமில்லாத இரைச்சல் கேட்டால், வானொலியின் ஒலியைக் கூட்டி அதனை மறைக்காது, வானொலியைச் சற்றே நிறுத்திவிட்டுச் சில்லு சொல்வதைக் கேட்க.